தினமும் நிலவரம் கேட்ட சண்முகவடிவு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். தென்காசியில் சாரல் விட்டு லேசாக வெயில் எட்டிப் பார்த்தது. அதை நம்பி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. “ஆறுமுகம் சாருங்களா? ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸ் பேசுதேன். சண்முகவடிவு அம்மா காலையில தவறிட்டாங்க சார். பாரத்துல தகவல் சொல்ல வேண்டியவங்கன்னு உங்க பேருதான் இருக்கு. வர முடியுமா?”

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். என் வீட்டிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடத்தில் போய்விடலாம். எத்தனை நாளாக அங்கே இருந்தார் என்று கேட்டேன். “ஆறு நாளா இருந்தாங்களே சார், ஒங்களுக்குத் தெரியாதா?” என்றார் அந்தப் பெண். கையில் ஈரச் சட்டையோடு அப்படியே நின்றேன்.

நம் நிறுவனத்தில் வடிவோடு வேலை செய்தவர்களுக்காகவும், கண் முகாம்களில் அவர் குரலைப் போனில் மட்டும் கேட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அந்த ஆறு நாளும் நான் ஊரில்தான் இருந்தேன். ஒரு தடவைகூட அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. திறமைசாலி, தங்கமான மனுஷி என்று நாலு பத்தி எழுதிக் கும்பிடு போட்டுவிட எனக்கும் தெரியும். இதை மறைத்துவிட்டு அப்படி எழுதினால், எழுதுவது எல்லாமே பொய்யாகிவிடும்.

எங்கள் வேலை என்ன என்று வடிவின் தம்பிக்கே சரியாகத் தெரியாது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று சிவகிரியில் இருக்கிறார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் “அக்கா கம்ப்யூட்டர்ல இருந்தா” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராக நடக்கும் கண் முகாம்களில் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுப்பார்கள். அந்தப் படங்கள் கட்டுக்கட்டாக எங்கோ இருக்கும் கணினிகளுக்குப் போகும். ஒரு ஆளின் படத்தைப் பார்த்துக் கோளாறு உண்டா இல்லையா என்று சொல்வது ஒரு ஜாப். மாவு மில்லில் டின்னை வைத்துவிட்டு வருகிற மாதிரிதான். மில் ஓடும்போது ஓடும், முறை வரும்போது அரைபடும். நடுவில் போன் போட்டு “என் டின் என்னாச்சு?” என்று கேட்கலாம். வரிசையில் இருக்கிறது, ஓடுகிறது, முடிந்தது, தோற்றுவிட்டது என்று நாலில் ஒரு பதில் வரும். இந்தக் கேள்வியை ஒரு நிரல் கேட்கவும் இன்னொரு நிரல் பதில் சொல்லவும் வழி செய்து கொடுப்பதை ஏபிஐ என்கிறோம். அதில் ஒவ்வொரு ஜாபும் தன்னைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று வகுத்தவர் வடிவு. கொடுத்த ஜாப் எந்த நிலையில் இருக்கிறது என்று பின்தொடர்ந்து பார்க்கும் பகுதியை எழுதியவன் நான்.

தலைமை அலுவலகம் சென்னையில். நாங்கள் இரண்டு பேரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியவர்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த வடிவு, அம்மா போன பிறகும் குற்றாலத்து வீட்டிலேயே தங்கிவிட்டார். என் மனைவி இறந்த பிறகு எனக்குச் சென்னையில் இருக்கப் பிடிக்காமல் நான் தென்காசிக்கு வந்தேன். இடையில் ஐந்து கிலோமீட்டர். ஆனாலும் மாதம் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் அதிகம்.

வடிவு வகுத்த படிவத்தில் “யாருக்காக” என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் எந்த ஜாபையும் உள்ளே அனுப்ப முடியாது. சென்னைப் பையன்களுக்கு அது பெரிய எரிச்சல். ஒருவன் எல்லாவற்றிலும் “டெஸ்ட்” என்று அடித்து அனுப்பினான். வடிவு அவனைப் போனில் கூப்பிட்டு, “தம்பி, டெஸ்ட்டுன்னு ஒரு ஆளு இருக்காரா? எந்த ஊரு அவருக்கு? சர்க்கரை எவ்வளவு இருக்கு?” என்று நிதானமாக விசாரித்தார். அவன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து “வடகரை முகாம், நாற்பத்தொன்றாம் டோக்கன், தென்னை ஏறுகிறவர், இடது கண் மங்கல்” என்று எழுத ஆரம்பித்தான். “நம்பர வச்சிக் கேட்டா நம்பருக்குத்தான் பதில் வரும் அண்ணாச்சி. ஆளுக்கு வராது” என்பார் வடிவு.

அவருக்குச் சீசன் பிடிக்காது. குற்றாலத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் வந்து அருவியில் குளிக்கும் இரண்டு மாதமும் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பார். சீசனில் அவருக்குப் பிடித்தது மங்குஸ்தான் ஒன்றுதான். ஒரு தடவை ஒரு பை நிறையக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினார். ஒரு பழத்தைக் கவிழ்த்து அடியில் இருக்கும் பூ மாதிரியான தழும்பைக் காட்டினார். “இதுல ஆறு இதழ் இருக்கா? உள்ள ஆறு சுளை இருக்கும். உடைச்சுப் பாருங்க.” உடைத்தேன். ஆறு. “தெறக்காமலே உள்ள இருக்கதச் சொல்லுது பாருங்க. எவனும் இதுக்கு ஏபிஐ எழுதல” என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். பை காலியாகும்வரை எண்ணி எண்ணித் தின்றோம். என் வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து எதையாவது சாப்பிட்டு அப்போது வெகுகாலம் ஆகியிருந்தது.

வடகரை விஷயத்தை உங்களில் சிலர் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். தப்பு முழுக்க என்னுடையது. முகாமில் நூறு பேருக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். நூறு டோக்கன் எண்களையும் மொத்தமாகக் கொடுத்து நிலை என்ன என்று கேட்டேன். பதில் வந்தது. தோற்றது என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் முடிந்தது என்று குறித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். எங்கள் அமைப்பில் ஒரு குணம் உண்டு. தன்னிடம் இல்லாத எண்ணைக் கேட்டால் “அப்படி ஒன்று என்னிடம் இல்லை” என்று சொல்லாது. தெரிந்ததைச் சொல்லிவிட்டு மீதியைப் பற்றி வாயே திறக்காது. படிவம் நிரப்பியிருந்தும், முகாமில் நெட் விட்டு விட்டு வந்ததால் மூன்று பேரின் படம் உள்ளேயே வந்து சேரவில்லை; படம் இல்லாமல் ஜாப் பதிவாகாது. அது எனக்குத் தெரியவில்லை.

நாலாம் நாள் வடிவு கூப்பிட்டார். “அண்ணாச்சி, கேட்டது நூறு. பதில் வந்தது தொண்ணூத்தேழு. மூணு பேரு எங்கன?”

தோற்ற பட்டியலில் யாரும் இல்லையே என்றேன். “தோத்ததுல இல்ல சரி. ஜெயிச்சதுல இருக்காங்களா? எண்ணிப் பாத்தீங்களா?” எண்ணவில்லை.

போனிலேயே முடித்திருக்கலாம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. செங்கோட்டை போய், அங்கிருந்து மினி பஸ் பிடித்து இரண்டு பேரும் வடகரை போனோம். முகாமில் எல்லோரிடமும் “போன் வந்தா வாங்க, வரலன்னா கண்ணு நல்லா இருக்குன்னு அர்த்தம்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது ஆள்தான் அந்த நாற்பத்தொன்றாம் டோக்கன். தோப்பில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மறுபடி படம் எடுக்க வேண்டும் என்று சொன்னதும், “போன் வரலயே, அதனால நல்லாத்தான் இருக்கும்னு நேத்துகூட மரம் ஏறினேன்” என்றார். மறுபடி எடுத்த படத்தில் அவருடைய இடது விழித்திரையில் ரத்தம் கசிந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது வடிவு என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னல் கம்பியில் வழியும் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே, “சும்மா இருக்கது பதில் இல்ல அண்ணாச்சி. அத பதில்னு எடுத்துக்கிடக் கூடாது” என்றார். அவ்வளவுதான். சென்னைக்கு அனுப்பிய அறிக்கையில் “எங்கள் கவனக்குறைவு” என்று எழுதினார். “என்” என்று நான் திருத்தியதை அவர் மறுபடி “எங்கள்” ஆக்கினார்.

அந்த வாரத்திலிருந்து ஒரு பழக்கம் வந்தது. காலை ஒன்பது மணிக்கு என் போனில் ஒரு செய்தி விழும். “அண்ணாச்சி, நிலவரம்?” ஜாப்களின் நிலவரத்தைத்தான் கேட்டார். கொஞ்ச நாளில் அது என்னுடைய நிலவரமும் ஆகிவிட்டது. பொங்கல், தீபாவளி எதற்கும் விடுமுறை கிடையாது. “ஓடுது” என்று போடுவேன். சில நாள் “வரிசையில இருக்கு” என்று போடுவேன். இன்னும் படுக்கையை விட்டு எழவில்லை என்று அர்த்தம். ஒரு தடவை கடும் காய்ச்சலில் விளையாட்டாக “தோத்துட்டு” என்று போட்டேன். ஒரு மணி நேரத்தில் தூக்குவாளியில் கஞ்சியோடு வாசலில் நின்றார். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லியிருந்தார். “ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். கெடந்துகிட்டு ஜோக்கு அடிக்குதீங்களோ?” என்று அதட்டினார். கூட்டிப் போனது இப்போது அவர் இறந்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான்.

என் வீட்டில் காலையிலிருந்து இரவுவரை என்னைக் கேட்பதற்கு இருந்தது அந்த ஒரு வரிதான். இத்தனை வருடத்தில் நான் முந்திக்கொண்டு “நீங்க எப்படி இருக்கீங்க?” என்று ஒரு நாள் கேட்டதாக நினைவில்லை. அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன். அப்படித்தான் உலகம் அமைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் எங்களுக்குள் ஒரு சண்டை. முகாமிலிருந்து மணிக்கு மணி நிலை கேட்டுக்கொண்டே இருப்பது வீண் வேலை, ஒரு ஜாப் முடிந்தாலோ தோற்றாலோ அதுவே செய்தி அனுப்பட்டும் என்றேன் நான். வடிவு ஒத்துக்கொள்ளவில்லை. சென்னையோடு நடந்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாதம் முற்றியது. “அதுவே சொல்லட்டும்னு சொல்லுதீங்க. சொல்லுத நெலமையில இருந்தா அதுக்கு என்ன தொல்லை? நடுவுல செத்துப்போன ஜாபு எந்திரிச்சி வந்து நான் செத்துட்டேன்னு சொல்லுமா? நாமதான் கேக்கணும். கேட்டுக்கிட்டே இருக்கணும்” என்றார். “காலம் போவுத போக்குல இன்னும் கதவத் தட்டிக்கிட்டே இருக்கணும்னு சொல்லுதீங்களே மேடம்” என்றேன். நான் அவரை மேடம் என்று சொன்னால் எரிச்சலில் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

சென்னையில் என் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஜெயித்த மப்பில் அன்று சாயங்காலமே அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். “இனிமே நீங்க கேக்க வேண்டாம் மேடம். அதுவே வந்து சொல்லும்.” அவர் “சரி அண்ணாச்சி” என்று பதில் போட்டார். எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான்.

மறுநாள் புதன்கிழமை ஒன்பது மணிக்குச் செய்தி வரவில்லை. அலுவலக நாட்காட்டியில் வடிவு விடுப்பு என்று இருந்தது. காரணம் எதுவும் இல்லை. கோபம் என்று எடுத்துக்கொண்டேன். வியாழனும் வரவில்லை. சரி, இருக்கட்டும், எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்று நானும் முறுக்கிக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயது எனக்கு. இந்த வயதில் இப்படி ஒரு வீம்பு. வெள்ளிக்கிழமை மருந்துக் கடைக்குப் போய்விட்டு அந்த ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் திரும்பினேன். மழைக்கு அதன் முன்கூரையில் பத்து நிமிடம் ஒதுங்கிக்கூட நின்றேன். மேலே இரண்டாம் மாடியில் அவர் படுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அருவியில் நல்ல தண்ணீர் என்றார்கள். பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கூட்டத்தில் இடித்துப் பிடித்துத் தலையைக் கொடுத்து அரை மணி நேரம் நின்றேன். வரும்போது அவருடைய தெருமுனை வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வேண்டுமானால் அவர் கேட்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். இறங்கிப் போயிருந்தால் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். இன்னும் இரண்டு நாள் உயிரோடு இருந்தார் அவர். எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும், போய்ப் பார்த்திருப்பேன்.

எரியூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது அவர் தம்பி என்னிடம், “எங்கிட்ட சாதாரண சளின்னுதான் அண்ணாச்சி சொன்னா. நீங்க பக்கத்துலதான இருந்தீங்க, நீங்க பாத்துக்கிடுவீங்கன்னு நெனச்சேன்” என்றார். குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்திருக்கிறார்.

மூன்று நாள் கழித்து அந்த நர்ஸைத் தேடிப் போனேன். செல்வி என்று பெயர். புதன்கிழமை விடியக்காலையில் மூச்சு முட்டித் தனியாகவே ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாராம் வடிவு. நுரையீரல் முழுக்கச் சளி. பாரத்தில் என் பெயரையும் எண்ணையும் அவர் கையாலேயே எழுதியிருந்தார். உறவு என்ற இடத்தில் “கூட வேலை செய்பவர்” என்று இருந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்தபின் ஏன் எனக்கு ஒரு போன் போடவில்லை என்று அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் கேட்டேன்.

“அவங்க வந்த அன்னைக்கே கேட்டேன் சார். அந்த சாருக்குப் போன் போடட்டுமாம்மான்னு. ‘வேண்டாம்மா, அவரே கேப்பாரு’ன்னாங்க. ரெண்டு நாளு கழிச்சுத் திரும்பக் கேட்டேன். ‘நான் இல்லல்லா, எங்க வேலையெல்லாம் இப்ப அவரு ஒரு ஆளாப் பாக்காரு. கொஞ்சம் ஓஞ்சதும் கேப்பாரு’ன்னாங்க.”

எனக்கு அந்த வாரம் பெரிதாக ஒரு வேலையும் இல்லை.

செல்வி மேலே சொல்லத் தயங்கினார். சொல்லுங்கள் என்றேன். “திங்கக்கெழம சாயந்திரம் ரொம்ப முடியல சார் அவங்களுக்கு. மாஸ்க்க விலக்கிட்டு, ‘போன்ல ஏதும் வந்திருக்காம்மா?’ன்னு கேட்டாங்க. நான் எடுத்துப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல. சார்ஜ் எறங்கி ரெண்டு நாளா ஆஃப்ல கெடக்கும்மா, நான் கவனிக்கலன்னு பொய் சொல்லிட்டேன். அதக் கேட்டதும் அவங்க மொகமே மாறிட்டு சார். ‘அப்ப கேட்டிருப்பாரு’ன்னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டாங்க.”

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் எதையும் நான் கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. என்னைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் என்னிடம் இருக்கிறது. அது உண்மை இல்லை. அது உண்மை இல்லை என்று தெரியாமலே அவர் போய்விட்டார் என்பதை நினைத்துத்தான் இப்போது என்னால் தூங்க முடிகிறது.